சொல்-எனக்கு-அதை: ஸ்பானிஷ் வினையின் வாலில் ஒட்டும் சிறுசொற்கள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனதும் ஒரு குழப்பம் வரும். பேச்சில் காதில் விழுகிற சில சொற்களை அகராதியில் தேடினால் கிடைக்காது. தாமெலொ. தீஸெலொ. எக்ஸ்ப்லீகமெ. மந்தார்தெலொ. எத்தனை பக்கம் புரட்டினாலும் இருக்காது. ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். ஒரு வினைச்சொல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘எனக்கு’ அல்லது ‘உனக்கு’, சில சமயம் அதற்கும் பின்னால் ஒரு ‘அதை’. எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதிவிடுகிறார்கள்.

நான் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தவன். ‘மறைமுகச் செயப்படுபொருளைக் குறிக்கும் பிரதிப்பெயர்’ என்று பாடப்புத்தகம் நீட்டி முழக்கியதை மனப்பாடம் செய்தே ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் சும்மா ஒரு வாக்கியத்தைத் தமிழில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது: அட, இது நம்முடைய ‘கு’ உருபு! பள்ளியில் படித்த அதே நான்காம் வேற்றுமை. பெயரோடு உருபை ஒட்டிப் பேசிப் பழகிய நமக்கு வினையோடு ஒட்டுவது பெரிய அதிசயமா என்ன? ஆகவே இந்த வழிகாட்டி முழுக்கத் தமிழ் வழியாகவே போகும்.

தொடங்குமுன் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் இடத்தை மட்டும் நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ‘தாமெலொ’ என்றால் ‘தா’வில் அழுத்தம். இந்த அழுத்தம்தான் பின்னால் எழுத்துக்கூட்டலைத் தீர்மானிக்கப் போகிறது. அதனால் நெடிலைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். ‘தேன்’ என்பதன் தகரமும் ‘தேசம்’ என்பதன் தகரமும் ஸ்பானிஷில் வேறு வேறு எழுத்து. உனக்கு என்னும் ‘தெ’ தேன் வகை. கொடு என்னும் ‘தா’ தேசம் வகை.

படி 1: ஆறு சிறுசொற்கள்

மெ என்றால் எனக்கு. தெ என்றால் உனக்கு. லெ என்றால் அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, அதற்கு. மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது ‘உங்களுக்கு’ என்பதும் லெதான். நொஸ் என்றால் எங்களுக்கு, நமக்கு இரண்டும். ஒஸ் என்றால் ‘உங்களுக்கு’, நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்வது. இது பெரும்பாலும் ஸ்பெயினில்தான் பேச்சில் இருக்கிறது. லெஸ் என்றால் அவர்களுக்கு. ‘உங்கள் எல்லோருக்கும்’ என்பதற்கும் அதே. லத்தீன் அமெரிக்காவில் ஒஸ் கிடையாது, அந்த வேலையையும் லெஸ் பார்த்துக்கொள்கிறது.

எல்லாமே குறில் என்பதைப் பாருங்கள். இவற்றின் மேல் அழுத்தமே விழாது. தனியாக நிற்கத் தெம்பில்லாதவை. ஏதாவது ஒரு வினையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ‘யாருக்கு?’ என்று ஒருவர் கேட்டால் வெறும் ‘மெ’ என்று பதில் சொல்ல முடியாது, ‘அ மீ’ என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழர்கள் சறுக்குகிற இடம் இங்கேயே ஒன்று இருக்கிறது. நாம் பெரியவர் ஒருவரைப் பன்மையில் சொல்கிறோம்: அவங்களுக்கு, உங்களுக்கு. அந்தப் பழக்கத்தில் ஒரே ஒரு ஆசிரியரைப் பார்த்து லெஸ் போட்டுவிடுவோம். ஸ்பானிஷில் மரியாதை பன்மையால் வருவதில்லை. ஒருவர் என்றால், எவ்வளவு பெரியவரானாலும், லெதான்.

படி 2: எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது

வழக்கமான இடம் வினைக்கு முன்னால், தனிச்சொல்லாக. மெ தீஸெ என்றால் ‘என்னிடம் சொல்கிறான்’. லெ எஸ்க்ரீபொ என்றால் ‘அவருக்கு எழுதுகிறேன்’. காலமும் ஆளும் காட்டுகிற எல்லா வினைகளுக்கும் இதுதான் விதி.

மூன்றே மூன்று சந்தர்ப்பங்களில் இவை பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலாவது, ‘செய்’ என்கிற ஏவல். தீ என்றால் சொல், தீமெ என்றால் எனக்குச் சொல். இரண்டாவது, அகராதியில் இருக்கும் முழுவடிவம்: தெஸீர் என்றால் சொல்ல அல்லது சொல்வது, தெஸீர்மெ என்றால் எனக்குச் சொல்ல. மூன்றாவது, ‘செய்துகொண்டு’ என்னும் பொருள் தரும் வடிவம்: திஸியேந்தொ என்றால் சொல்லிக்கொண்டு, திஸியேந்தொமெ என்றால் எனக்குச் சொல்லிக்கொண்டு.

ஏவல் எதிர்மறையாக மாறினால் ஒட்டு உடனே கழன்று முன்னால் ஓடிவிடும். தீமெ, சொல்லு. நோ மெ தீகஸ், சொல்லாதே. வினையும் வடிவம் மாறுகிறது, ஒட்டும் இடம் மாறுகிறது. இந்த இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். தனித்தனியாகப் படித்தவர்கள் அவசரத்தில் ‘நோ தீமெ’ என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்குப் புரியும், ஆனால் முகம் சற்றுக் கோணும்.

‘செய்திருக்கிறேன்’ வகையில் வரும் தீச்சொ, எஸ்க்ரீதொ போன்றவற்றோடு ஒருபோதும் ஒட்டாது. லெ ஏ எஸ்க்ரீதொ, அவருக்கு எழுதியிருக்கிறேன்: ஒட்டு முன்னால்தான் நிற்கும். பழைய இலக்கியத்தில் ‘தீஹொலெ’, அவரிடம் சொன்னான், என்று இறந்தகால வினையோடு ஒட்டி வருவதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அது சாதாரண வழக்கு. இன்று எழுதினால் ‘உரைத்தனன்’ என்று நாம் எழுதுவது போல இருக்கும்.

படி 3: ‘எனக்கு’ என்பதை விழுங்காதீர்கள்

என் கணிப்பில் முக்கியமான படி இதுதான். எந்த ஸ்பானிஷ் இலக்கணமும் இதைச் சொல்லாது. அவை நமக்காக எழுதப்பட்டவை இல்லையே.

தமிழில் ‘சொல்லு’ என்றால் போதும். யாருக்கு என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும். ‘தா’ என்கிற வினையிலேயே ‘எனக்கு’ பாதி ஒளிந்திருக்கிறது. தன்மை, முன்னிலைக்குத் ‘தரு’, படர்க்கைக்குக் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்து வைத்த வினைகள் அவை. எனவே நாம் ‘எனக்கு’ என்பதை விழுங்கியே பேசுகிறோம். ஸ்பானிஷில் அப்படி விழுங்கினால் வாக்கியம் பாதியில் நிற்பது போல இருக்கும். ‘தா’ என்றால் அங்கேயும் ‘கொடு’ என்றுதான் பொருள் (ஒலி ஒற்றுமை வேடிக்கைதான், அதன் வேரைத் தோண்ட இங்கே இடமில்லை). ஆனால் வெறும் ‘தா’ என்று சொன்னால் கேட்பவர் ‘யாருக்கு?’ என்று விழிப்பார். தாமெ என்று சொல்ல வேண்டும்.

நான் முதலில் பேசப் பழகியபோது, ஒருவரிடம் ‘எக்ஸ்ப்லீக, பொர் ஃபபோர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். விளக்கு, தயவுசெய்து. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ‘அ கியேன்?’ என்றார். யாருக்கு? எக்ஸ்ப்லீகமெ என்று நான் ஒரு மெ சேர்த்திருந்தால் முடிந்திருக்கும்.

அதனால் ஒரு பழக்கம். கொடு, சொல், கேள், காட்டு, அனுப்பு, எழுது, விளக்கு, கொண்டுவா மாதிரியான வினை வாயில் வந்தாலே, ‘யாருக்கு?’ என்று உங்களையே கேட்டுக்கொண்டு அந்த ஒட்டைப் போட்டுவிடுங்கள்: தாமெ, தீமெ, ப்ரெகூன்தமெ, என்ஸேஞமெ, மாந்தமெ, எஸ்க்ரீபெமெ, எக்ஸ்ப்லீகமெ, த்ராயெமெ. இந்த எட்டும் எட்டு நாளில் வாய்க்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மரியாதை வடிவம் பெரும்பாலும் ஓர் உயிரெழுத்தில்தான் மாறும். எஸ்க்ரீபெமெ, எனக்கு எழுது. எஸ்க்ரீபமெ, எனக்கு எழுதுங்கள். தீமெ, சொல்லு. தீகமெ, சொல்லுங்கள். ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் பலர் சொல்வது இந்தத் தீகமெதான்; நம் ‘சொல்லுங்க’ போலவே.

இதோடு பெயர்ச்சொல்லும் வந்தால்? ‘உன் அக்காவிடம் சொல்’ என்பதற்குத் தீலெ அ து எர்மான. அதாவது ‘அவளுக்குச் சொல், உன் அக்காவுக்கு’. அக்கா என்று தெளிவாகச் சொன்ன பிறகும் லெ எதற்கு? நம் காதுக்கு இது கூறியது கூறல். ஸ்பானிஷ் காதுக்கோ லெ இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது. காரணம் தேடாமல் பழகிக்கொள்வதே மேல்.

படி 4: இடம், இருந்து, கு: மூன்றுக்கும் ஒரே லெ

தமிழில் ‘அவருக்குக் கொடு’ என்கிறோம். ஆனால் ‘அவரிடம் சொல்’, ‘அவரிடம் கேள்’, ‘அவரிடமிருந்து பிடுங்கு’ என்று உருபை மாற்றுகிறோம். ஸ்பானிஷில் எல்லாமே லெ. தாலெ, தீலெ, ப்ரெகூன்தலெ, கீதலெ. பிடுங்குவதற்கும் லெதான் என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும்.

இதனால் வேடிக்கையான இருபொருளும் உண்டு. கோம்ப்ரலெ எல் லீப்ரொ அ து எர்மானொ என்றால் ‘உன் அண்ணனுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடு’ என்றும் வரும், ‘உன் அண்ணனிடமிருந்து அதை வாங்கு’ என்றும் வரும். இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

‘கேள்’ என்ற ஒரே வினையை நாம் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம், ஸ்பானிஷ் பிரிக்கிறது. கேள்வி கேட்டால் ப்ரெகூன்தலெ. பொருளோ உதவியோ கேட்டால் பீதெலெ. காதால் கேட்டால் எஸ்கூச்சலொ. இங்கே லெ போய் லொ வந்துவிட்டது, ஏனென்றால் இது ‘அவனைக் கேள்’, ஐ உருபு. இப்படித் தமிழில் ‘கு’வும் ‘இடம்’உம் வந்தால் லெ, ‘ஐ’ வந்தால் லொ (ஆண்பால்) அல்லது ல (பெண்பால்) என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. மெ, தெ, நொஸ், ஒஸ் நான்கும் இரண்டு வேலையையும் பார்க்கும் என்பதால் அவற்றில் தலைவலியே இல்லை. ஸ்பெயினின் பல பகுதிகளில் ஓர் ஆணைக் குறிக்கும்போது ‘அவனை’ என்பதற்கும் லெ என்றே சொல்வார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நீங்கள் லொ என்றே சொல்லுங்கள்.

உடல் உறுப்புகள் விஷயத்தில் தமிழும் ஸ்பானிஷும் கைகோத்துப் போகின்றன. ‘குழந்தைக்குக் கை கழுவிவிடு’ என்பது லாபலெ லஸ் மானொஸ் அல் நீஞொ. ‘குழந்தையின் கைகளைக் கழுவு’ என்று சுற்றிவளைக்க வேண்டியதில்லை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது மெ த்வேலெ ல கபேஸ, சொல்லுக்குச் சொல் நம்முடையதேதான். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பது மெ கூஸ்த. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பது மெ பரேஸெ. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இந்த மெ கூஸ்தவில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்கு அது பச்சைத் தமிழ்.

ஆனால் அந்தத் தைரியத்தில் எல்லா ‘எனக்கு’க்கும் மெ போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பசிக்கிறது: நான்கிலும் ஸ்பானிஷ் ‘நான்’ என்றே சொல்லும். ஸே, கியேரொ, என்தியேந்தொ, தேங்கொ ஆம்ப்ரெ. ‘எனக்குத் தெரியும்’ என்று நினைத்து ‘மெ ஸாபெ’ என்று சொன்னால் பொருள் எங்கோ போய்விடும். அது ‘எனக்குச் சுவைக்கிறது’ என்கிற பக்கம் சாயும் சொல்.

படி 5: இரண்டு ஒட்டுகள் சேர்ந்தால்

‘எனக்கு அதைச் சொல்’ என்று தமிழில் வரிசை: எனக்கு, அதை, சொல். ஸ்பானிஷ் எதிர்மறையில் அப்படியே அதே வரிசை வரும்: நோ மெ லொ தீகஸ். மெ எனக்கு, லொ அதை, கடைசியில் வினை. ஒட்டி எழுதும்போது வினை மட்டும் முன்னால் தாவிவிடுகிறது. மற்ற இரண்டும் தங்கள் வரிசையை மாற்றுவதில்லை. தீ-மெ-லொ. சொல்-எனக்கு-அதை. எப்போதும் ‘கு’ முதலில், ‘ஐ’ பிறகு. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தாமெலொ, த்ராயெமெலொ, என்ஸேஞனொஸ்லொ எல்லாம் தானாக வரும்.

ஒரே ஒரு கோணல் இருக்கிறது. லெ அல்லது லெஸ்ஸுக்குப் பின்னால் லொ, ல, அவற்றின் பன்மையான லொஸ், லஸ் வந்தால் லெ மறைந்து ஸெ ஆகிவிடும். ‘அவனுக்கு அதைக் கொடு’ என்பது தாலெலொ ஆகாது, தாஸெலொ ஆகும். அவளிடம் அதைச் சொல், தீஸெலொ. இடைக்கால ஸ்பானிஷில் இந்த இடத்தில் ‘ஜெ லொ’ போல ஒலித்த ஒரு வடிவம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அது ஏற்கெனவே இருந்த ஸெயோடு கலந்துவிட்டது. ஆகவே ‘தன்னை’ என்னும் பொருள் தரும் ஸெயோடு இதற்கு உறவில்லை, உருவ ஒற்றுமை மட்டும்தான்.

இந்த ஸெ அவனுக்கா, அவளுக்கா, உங்களுக்கா, அவர்களுக்கா என்பது சொல்லில் தெரியாது. தெளிவு வேண்டுமானால் பின்னால் சேர்க்கலாம்: தாஸெலொ அ ஏய, அவளுக்குக் கொடு. மெக்ஸிகோவிலும் லத்தீன் அமெரிக்காவின் வேறு பல இடங்களிலும் ‘அவர்களிடம் அதைச் சொன்னேன்’ என்பதை ஸெ லொஸ் தீஹெ என்பார்கள். அது ஒன்றுதான், ஆனாலும் லொ பன்மையாகி லொஸ் ஆகிவிட்டது. ஸெயில் காணாமல் போன பன்மை பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. காதால் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

படி 6: தலைமேல் கோடு எப்போது?

ஒட்டி எழுதும்போது உயிரெழுத்தின் மேல் சில சமயம் சாய்ந்த சிறு கோடு விழும். அதற்குத் தீல்தெ என்று பெயர். இதைக் கண்டு பயப்படுபவர்கள் அதிகம். ஆனால் ஒட்டு வந்த சொற்களுக்கு மட்டும் விதி மிகவும் சுருங்கிவிடுகிறது. ஒட்டுகள் எல்லாமே உயிரிலோ ஸகரத்திலோ முடிகின்றன அல்லவா? அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அழுத்தம் கடைசியிலிருந்து எத்தனையாவது அசையில்? (யாப்பிலக்கணத்து அசையைச் சொல்லவில்லை, ஒரே மூச்சில் வரும் ஒலித்துண்டு.) இரண்டாவது என்றால் கோடு வேண்டாம். மூன்றாவதோ அதற்கு முந்தியதோ என்றால் கட்டாயம் வேண்டும்.

அழுத்தம் இடம் மாறாது என்பதுதான் அடிப்படை. தனியாக இருந்தபோது எங்கே அழுத்தம் இருந்ததோ, ஒட்டு வந்த பிறகும் அங்கேயே. பின்னால் அசைகள் கூடக் கூட, அழுத்தம் கடைசியிலிருந்து தள்ளிப்போகிறது. தா-மெ: நெடில் கடைசிக்கு முந்தியது, கோடு இல்லை. தா-மெ-லொ: மூன்றாவது, கோடு உண்டு. கொம்-ப்ரார்-மெ, கோடு இல்லை. கொம்-ப்ரார்-மெ-லொ, உண்டு. ‘செய்துகொண்டு’ வடிவத்தில் ஓர் ஒட்டு வந்தாலே உண்டு: தாந்-தொ-லெ. இப்போது புரிந்திருக்கும், ஏன் நெடிலைக் கவனிக்கச் சொன்னேன் என்று.

ஓய்ர் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒஈர் என்று இரண்டாகப் பிரிந்து ஒலிக்கும் ‘கேட்க’ என்னும் வினையும், ஸொன்ரெஈர் என்னும் ‘புன்னகைக்க’வும் விதிவிலக்கு. அவற்றுக்கு ஏற்கெனவே கோடு உண்டு. ஸொன்ரெஈர்லெ என்று ஒட்டிய பிறகும் அது போகாது.

பழைய புத்தகங்களில் தேமெ, ‘எனக்குக் கொடுங்கள்’, என்ற சொல்லின் மேல் கோடு பார்த்தால் குழம்ப வேண்டாம். தனியாக நிற்கும் ‘தே’க்குக் கோடு உண்டு என்பதால் ஒட்டிய பிறகும் அதை விட்டு வைத்திருந்தார்கள். ஸ்பானிஷ் அரச அகாதமியின் 1999 எழுத்திலக்கணம் அதை எடுத்துவிட்டது. இப்போது பொதுவிதிதான்.

எழுத்து கூடுவதும் குறைவதும் வேறு இரண்டு மூன்று இடங்களில் உண்டு. தீகனொஸ் என்று ஒரு னகரம் எழுதினால் மரியாதைக்குரிய ஒருவரிடம் ‘எங்களுக்குச் சொல்லுங்கள்’ என்கிறீர்கள். தீகன்னொஸ் என்று இரண்டு எழுதினால் பலரிடம் சொல்கிறீர்கள். ‘அதை அவருக்குச் சொல்வோம்’ என்பதில் திகாமொஸ், ஸெ, லொ சேரும்போது நடுவில் இரண்டு ஸகரம் வர வேண்டும், ஒன்று உதிர்ந்து திகாமொஸெலொ ஆகிறது. ஸ்பெயினில் நண்பர்களிடம் ‘கை கழுவுங்கள்’ என்றால் லபாஒஸ் லஸ் மானொஸ். லபாத் என்பதன் கடைசித் தகரம் ஒஸ் வந்ததும் ஓடிவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று. ஸால் என்றால் ‘வெளியே போ’. அதோடு லெ சேர்த்து ‘அவரை எதிர்கொள்ளப் போ’ என்று வாயால் சொல்லலாம், எழுதத்தான் முடியாது. இரண்டு லகரம் பக்கத்தில் வந்தால் ஸ்பானிஷில் அது வேறொரு ஒலியாகப் படிக்கப்படும். இந்தச் சொல்லை எழுத வழியே இல்லை என்று அகாதமியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு மொழியில் பேச முடிந்து எழுத முடியாத சொல்!

படி 7: இரண்டு வினை பக்கத்தில் இருந்தால்

‘உன்னிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.’ கியேரொ தெஸீர்தெ ஊன கோஸ. இதையே தெ கியேரொ தெஸீர் ஊன கோஸ என்றும் சொல்லலாம். பொருளில் மாற்றமில்லை, பேச்சில் இரண்டாவது சற்று அதிகம். ‘உனக்கு அந்தப் படத்தை அனுப்பப் போகிறேன்’: போய் அ மந்தார்தெ ல ஃபோதொ, அல்லது தெ போய் அ மந்தார் ல ஃபோதொ. (ஸ்பானிஷ் ‘போய்’ போகிறேன் என்றே பொருள்படுவது நமக்குக் கிடைத்த இலவச நினைவுக்குறிப்பு.) ‘அவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்’: எஸ்தோய் எஸ்க்ரிபியேந்தொலெ, அல்லது லெ எஸ்தோய் எஸ்க்ரிபியேந்தொ.

ஒன்று முழுக்க முன்னால், இல்லாவிட்டால் முழுக்கப் பின்னால். நடுவில் தொங்க விடக் கூடாது. இரண்டு ஒட்டுகள் இருந்தால் அவற்றைப் பிரித்து ஒன்றை அங்கேயும் ஒன்றை இங்கேயும் வைக்கக் கூடாது. ‘அதை எனக்கு விளக்க முடியுமா?’ என்பதற்கு ப்வேதெஸ் எக்ஸ்ப்லிகார்மெலொ சரி, மெ லொ ப்வேதெஸ் எக்ஸ்ப்லிகார் சரி. மெ ப்வேதெஸ் எக்ஸ்ப்லிகார்லொ தவறு.

எல்லா வினையும் ஒட்டை முன்னால் ஏற விடாது. முடியும், வேண்டும், விரும்பு, போகிறேன், இப்போதுதான் முடித்தேன் வகை வினைகள் விடும். ‘அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்’ என்று யாரையும் சுட்டாமல் பொதுவாகச் சொல்லும் ஆய் கெ தெஸீர்லெ ல பெர்தாத் விடாது, லெ பின்னால்தான். சந்தேகமாக இருந்தால் பின்னால் ஒட்டிவிடுங்கள். பின்னால் ஒட்டுவது இங்கே எப்போதும் சரி.

ஊருக்கு ஊர்

அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு வேறு சொல், அதனால் ஏவலும் வேறு. தீமெ அங்கே தெஸீமெ. ‘எனக்குக் கதை சொல்லு’ என்னும் க்வேன்தமெ அங்கே கொன்தாமெ. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசைக்கு வந்துவிடுவதால் கோடும் தேவையில்லை. கொன்தார் என்ற மூலத்தின் ஒகரம் ‘வே’ ஆவதும் இல்லை. உண்மையில் அந்த வடிவங்கள் சுலபமானவை.

அதே அர்ஜென்டினாவில் தாலெ என்றால் ‘அவனுக்குக் கொடு’ மட்டும் இல்லை. ‘சரி, ஆகட்டும்’ என்பதற்கும் அதுதான். மெக்ஸிகோவில் ஆந்தலெ, ஓரலெ என்று கேட்பீர்கள். அவற்றில் இருக்கும் லெ யாரையும் சுட்டுவதில்லை. நம் ‘வாப்பா’வில் இருக்கும் அப்பா மாதிரி, சும்மா ஓர் அழுத்தத்துக்கு. அந்த லெ யார் என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஏவல் கடுமையாக ஒலிக்குமோ என்ற தயக்கம். நண்பர்களிடையே தாமெ, தீமெ ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை. அறிமுகமில்லாதவரிடம் கேள்வியாக மாற்றிவிடலாம்: மெ தாஸ், ‘எனக்குத் தருகிறாயா?’ அப்போது ஒட்டு முன்னால் வந்துவிட்டதைக் கவனியுங்கள். கொலம்பியாவில் இன்னும் ஒரு படி மேலே போய் ரெகாலெமெ என்று கேட்பார்கள்; ‘எனக்குப் பரிசாகக் கொடுங்கள்’. காசு கொடுத்து வாங்குவதற்கும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பயிற்சி

முதல் வாரம் தெஸீர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு, வரிசையாக: தீமெ. நோ மெ தீகஸ். கியேரெ தெஸீர்மெ. எஸ்தா திஸியேந்தொமெ. சொல்லு, சொல்லாதே, எனக்குச் சொல்ல விரும்புகிறான், எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த நான்கையும் மெக்குப் பதிலாக லெ போட்டுச் சொல்லுங்கள், பிறகு நொஸ். அப்புறம் லொ சேர்த்து: தீமெலொ, நோ மெ லொ தீகஸ், கியேரெ தெஸீர்மெலொ, எஸ்தா திஸியேந்தொமெலொ. அடுத்து லெ லொ, அது ஸெ லொ ஆகும் இடத்தில் நாக்கு தானாகத் திரும்புகிறதா பாருங்கள். திரும்பாவிட்டால் இரண்டாவது வாரமும் தெஸீர்தான்.

இரண்டாவது வினையாகத் தார் எடுங்கள். மூன்றாவது வினைக்குக் கொன்தாரைப் பரிந்துரைப்பேன். அழுத்தம் விழும்போது ‘க்வேன்’, விழாதபோது ‘கொன்’ என்று அது உருமாறுவதால், நெடிலைக் கவனிக்கும் பழக்கம் அதில்தான் சோதிக்கப்படும். க்வேன்தமெலொ, ஆனால் கொன்தார்மெலொ. எழுதியும் பாருங்கள். எழுதிய பிறகு கடைசி அசையிலிருந்து விரல் விட்டு எண்ணி, நெடில் மூன்றாவது விரலிலோ அதைத் தாண்டியோ விழுந்தால் கோடு போடுங்கள்.